கேட்கக் கூடாத படகு

தரை ஆடாமல் கிடந்தால் மனுஷிக்கு எப்படித் தூக்கம் வரும்? நஸீபானுக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்தது படகில். வாழ்க்கைப்பட்டது இன்னொரு படகுக்கு. ஒரே மகள் ஜேபுலைப் பெற்றதும் படகில்தான். இப்போது சிந்து நதியின் கரைமேட்டில், நாலு செங்கல் சுவருக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் படுத்தால், அசையாத தரையில் அவளுக்குத் தலை சுற்றியது. மத்தியான வெயிலில் கண் அயரும்போது மட்டும் கட்டில் மெல்லத் தண்ணீரில் இறங்கிப் போவது போல இருக்கும். கீழே அலை தட்டும், பாய்மரக் கயிறு கிரீச்சிடும். விழித்துப் பார்த்தால் கூரையில் பல்லி உட்கார்ந்திருக்கும்.

அந்தச் செங்கல் அறை வந்த கதையைச் சொன்னால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

அந்தத் துறையில் ஆற்றுக்கு இக்கரையும் அக்கரையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதோடு சரி. மேலே குட்டு அணை, கீழே சக்கர் அணை, இரண்டுக்கும் நடுவே கால் நனையாமல் கடக்க வழி கிடையாது. நஸீபானின் புருஷன் முரீத்தின் பெரிய படகுதான் வழி. ஆடும் மாடும், கோதுமை மூட்டையும், கல்யாணப் பெண்ணும், செத்தவர் கட்டிலும் அதில்தான் போய் வந்தன. அந்தத் துறையில் பாலம் கட்டப் போவதாக அந்த வருஷம் சித்திரை பிறக்கிற சமயத்தில் ஒரு மந்திரி வந்து அடிக்கல் நாட்டினார். ஓடக்காரன் வயிற்றில் அடிக்கக்கூடாது என்று தொகுதி மெம்பருக்கு நல்ல மனசு. பாலத்துக்குக் காவல்காரன் வேலையை முரீத்துக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். சர்க்கார் வேலை, காக்கிச் சட்டை, சாகிற வரைக்கும் சம்பளம்.

மெம்பரின் காரியதரிசி பேனாவைத் திறந்துகொண்டு, "விலாசம் சொல்லுப்பா" என்றார்.

"சிந்து நதி" என்றான் முரீத்.

"சிந்து நதியில எங்கே?"

"அது தண்ணியைப் பொறுத்ததுங்க ஐயா. இப்ப இந்தப் புதர்ப் பக்கம். ஆடியில அந்த மேட்டுப் பக்கம். தையில நடு மணல்ல."

காரியதரிசி பேனாவை மூடிவிட்டார். "தண்ணியில மிதக்கிறவனுக்கு சர்க்கார் எப்படிப்பா உத்தரவு எழுதும்? தபால்காரன் நீந்தியா வருவான்? சுவர் ஒண்ணு கட்டு. கதவு ஒண்ணு வை. கதவுக்கு நாங்க நம்பர் போடறோம். மத்தது தானா நடக்கும்."

முரீத் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் படகைத் தன் சித்தப்பா மகன் பச்சலுக்கு விற்றுவிட்டான். பச்சல் நாலு மைல் கீழே விறகுத் துறையில் பிழைப்பவன். விற்ற பணம் அப்படியே செங்கல்லாகிச் சுவரானது. நஸீபான் ஒரு பகல் முழுக்க அழுதாள், பிறகு அடுப்பைக் கரைக்குத் தூக்கி வந்தாள். அவளைக் கேட்டா விற்றான்?

படகிலேயே பிறந்து வாழும் மொஹாணா சனங்களுக்குப் படகை விற்பது மாட்டை விற்பது மாதிரி இல்லை. விற்றவனும் வாங்கினவனும் ஒரே குவளையில் ஆற்றுத் தண்ணீர் எடுத்து, ஆற்றைக் காக்கும் மகான் ஜிந்தா பீர் பேரைச் சொல்லி முகப்பில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு, வாங்கினவன் கூப்பிடாமல் விற்றவன் அந்தப் படகில் கால் வைக்கக் கூடாது, சுக்கானைத் தொடக் கூடாது. முக்கியமாக, திருப்பித் தா என்று கேட்கவே கூடாது. இதில் எதை மீறினாலும், மீறினவன் வீட்டில் ஒரு உயிரை ஆறு எடுத்துக்கொள்ளும். வாங்கினவன் தானாக மனசு வந்து கொடுக்கலாம். அதுவும் ஒரே ஒரு தடவைதான். விற்றவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், கொடுக்கிற பேச்சு வாங்கினவன் வாயில் மறுபடி வராது.

சுவர் காய்ந்து நாலு நாள்கூட ஆகவில்லை. கரைமேட்டுக்குக் கீழே தோதோவின் டீக்கடை. அங்கே ரேடியோ பாடினாலும் இருமினாலும் நஸீபானின் அடுப்படிக்குக் கேட்கும். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அரிசி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு பாதியில் நின்று யாரோ கனத்த குரலில் வாசித்தார்கள். அப்புறம் தோதோவின் குரல் வந்தது.

"முடிஞ்சுது. வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

"யாரை?" முரீத்தின் குரல். அவன் அடிக்கல்லுக்குக் காவலாக அங்கேதான் உட்கார்ந்திருந்தான். உத்தரவு வரவில்லையே தவிர, காக்கிச் சட்டையும் ஊதலும் வந்துவிட்டன.

"சர்க்காரை. ஜனாதிபதி கலைச்சுட்டாரு. சபையும் போச்சு, மந்திரியும் போச்சு, உன் மெம்பரும் போயாச்சு."

"எலெக்ஷன் வந்துச்சா என்ன?"

"எலெக்ஷன் எதுக்கு? அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கு. பிடிக்கலேன்னா ஒரு காகிதத்துல எழுதி வாசிச்சுட வேண்டியதுதான். அஞ்சு வருஷத்துல இது மூணாவது, உனக்குத் தெரியாதா?"

"நான் ஆத்துல இருந்தேன்" என்றான் முரீத். "நாம வெயில்ல வரிசையில நின்னு ஏத்தி வச்சதை, ஒரு ஆளு உட்கார்ந்த இடத்துல இறக்கிட்டாரா?" என்று கேட்டான்.

"ஆமா."

"அப்ப பாலம்?"

"பாலத்தை யாரு கலைக்க முடியும்? கட்டினாத்தானே கலைக்க."

கடையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். முரீத் சிரிக்கவில்லை.

"அப்ப நான்?" என்றான்.

நஸீபானின் ரொட்டி தீய்ந்துபோயிற்று. இஸ்லாமாபாத் எந்தத் திசை என்றுகூட அவளுக்குத் தெரியாது. அங்கே ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளினால் இங்கே தன் அடுப்பு ஏன் சாய வேண்டும் என்றுதான் விளங்கவில்லை. அவளுடைய கவலை வேறு. அக்கரையில் கட்டிக்கொடுத்த ஜேபுலுக்கு இது தலைப்பிரசவம். ஆடியில் பிள்ளை பிறக்கும். பெண் கேட்டு வந்தபோதே மாப்பிள்ளையின் அம்மா, "படகுக்காரங்க கிட்ட என்ன இருக்கு? எங்க வீட்டுக்கு வர்ற பெண்ணுக்குத் தாய்வீடுன்னு காட்ட ஒரு திண்டுச்சுவர் உண்டா?" என்று கேட்டிருந்தாள். முரீத் படகின் முகப்பில் கையை வைத்து, "இதுதான் தாய்வீடு. என் மகளோட முதல் பிள்ளை இதுலதான் பிறக்கும். அதுக்குப் படகே உங்க வாசலுக்கு வரும்" என்று நாலு பேர் முன்னால் வாக்குக் கொடுத்தான். அக்கரை ஊர் ஆடி வெள்ளத்தில் தீவாகிவிடும். தரைவழி கிடையாது. சின்னத் தோணிகளை அந்த வெள்ளத்தில் யாரும் இறக்க மாட்டார்கள். படகு விற்ற சேதி ஜேபுலுக்கு இன்னும் தெரியாது.

மறுநாள் காலையில் நஸீபான் கதவைத் திறந்தபோது கீழே தண்ணீரில் அந்தப் படகே நின்றது. கனவோ என்று கண்ணைக் கசக்கினாள். பச்சல் முகப்பில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஹாஜுல் உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சேதி கேட்டேன்" என்றான் பச்சல். டீக்கடைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "உன் வேலை எப்படியோ, எனக்குத் தெரியாது. படகு இந்தா நிக்குது. நீ கேக்க வேண்டாம். நானாத்தான் சொல்றேன். எடுத்துக்க. பணத்தை உனக்கு ஆகிறப்ப குடு."

நஸீபானின் கால் தானாக ஒரு படி இறங்கியது. முரீத் காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான்.

"நீ எனக்குப் பிச்சை போட வந்தியா பச்சல்?"

"அண்ணே, நான் ஒண்ணும்..."

"கலைச்ச சர்க்காரு கோர்ட்டுக்குப் போகப் போகுதாம். கோர்ட்டு திருப்பி உட்கார வைக்கும். அப்ப என் உத்தரவு வரும். அது வரைக்கும் நான் இந்தக் கல்லை விட்டு அசைய மாட்டேன். படகு வேண்டாம். எடுத்துட்டுப் போ."

பச்சல் முகம் கறுத்தது. எல்லாருக்கும் நடுவில் வேண்டாம் என்ற பேச்சு வாங்கினவன் முகம் வேறு எப்படி இருக்கும்? கழியை எடுத்து மணலில் ஊன்றித் தள்ளினான். ஹாஜுல் மட்டும் திரும்பி நஸீபானைப் பார்த்தாள். படகு புதரைச் சுற்றி மறைகிற வரைக்கும் நஸீபான் அந்தப் படியிலேயே நின்றாள். பிறகு வீட்டுக்குள் வந்து, புருஷனுக்குத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"உன்னை மாதிரி ஒரு மடையனை அந்த ஜனாதிபதி கூடப் பார்த்திருக்க மாட்டாரு."

"நீ பாரேன், வைகாசிக்குள்ள..."

"வைகாசிக்குள்ள ஆறு ஏறிடும். அதுக்கு எந்தக் கோர்ட்டுல தடை வாங்குவே?"

வெயில் காலம் வந்தது. மலையில் பனி உருகி ஆறு தினமும் விரற்கடை அளவு ஏறியது. நடு மணலில் தர்ப்பூசணி போட்டவர்கள் கொடிகளைக் கைவிட்டுக் காய்களை மட்டும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். சேற்றோரம் கோரை பூத்தது. நஸீபான் விடியலில் இடுப்புத் தண்ணீரில் இறங்கிக் கோரைக் கதிரைத் தட்டி மஞ்சள் பொடி சேர்த்தாள். அதைத் துணியில் கட்டி ஆவியில் வேகவைத்தால் கெட்டியான மிட்டாய் கிடைக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்புக்கு நல்லது. பொடி காற்றில் பறந்து அவள் முடியிலும் இமையிலும் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் வெளியும் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். ஆற்றில் வாழும் குருட்டு டால்பின் ஒன்று பக்கத்திலேயே மூச்சு விட்டுவிட்டு முங்கும். அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு எதுவும் நினைவில் இருக்காது. வெளியே வந்து துணியைப் பிழியும்போது எல்லாம் திரும்ப வந்துவிடும்.

தர்ப்பூசணிக்காரர்களின் கடைசித் தோணியில் மிட்டாயைக் கொடுத்து அனுப்பினாள். பதிலுக்கு ஜேபுலிடமிருந்து வாய்ச்சொல்லாக ஒரு சேதி வந்தது: "ஏழாம் மாசம் ஆயிடுச்சு. அப்பாவை எப்ப எதிர்பார்க்கட்டும்? மாமியார் தினமும் கேக்குறாங்க."

"சீக்கிரம் வருவாருன்னு சொல்லுங்க" என்றாள் நஸீபான். வேறு என்ன சொல்ல?

வைகாசி நடுவில் ஒரு நாள் முரீத் மேட்டில் ஓடி வந்தான். அவன் அப்படி ஓடி அவள் பார்த்ததே இல்லை. தண்ணீர் மனிதன், தரையில் ஓடத் தெரியாது. கையில் வெல்லம்.

"என்ன சொன்னேன் நான்? கோர்ட்டு சொல்லிடுச்சு. கலைச்சது செல்லாதாம். அதே சர்க்காரு, அதே நாற்காலி. வாயைத் திற."

வாயில் வெல்லத்தைத் திணித்தான். இனித்தது. அவனுடைய சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், பொய்யா சொன்னான்? அன்றைக்கு அவன் அடிக்கல்லைக் கழுவினான், சட்டையைத் துவைத்தான், மெம்பரின் ஊருக்கு பஸ் ஏறிப் போனான். இரண்டு நாள் கழித்து வந்து, உத்தரவு தட்டச்சாகிவிட்டது என்றும் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்றும் சொன்னான்.

"ஜேபுலுக்கு?" என்றாள் நஸீபான்.

"கையெழுத்து ஆகட்டும். சம்பளம் வந்ததும் ஒரு புதுப் படகுக்கே சொல்லிடலாம்."

ஆனி முழுக்கக் கையெழுத்து ஆகவில்லை. அங்கே போட வேண்டியவர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்களாம். ஜனாதிபதி இருக்கிற அறைக்குப் பிரதமர் போகமாட்டாராம், அவர் சொன்னதை இவர் செய்யமாட்டாராம். தோதோ தினமும் ரேடியோவில் கேட்டு, சம்பந்திச் சண்டையைச் சொல்வது போலச் சொன்னான். ஆறு மட்டும் யாருக்காகவும் நிற்கவில்லை. கோரையை மூழ்கடித்து, புதரை மூழ்கடித்து, டீக்கடைக்கு எட்டடி கீழே வந்து நின்றது. அக்கரை ஒரு பச்சைக் கோடாக மெலிந்து, சில நாள் அதுவும் தெரியாமல் போயிற்று. சின்னத் தோணிகளைக் கரையில் கவிழ்த்துவிட்டார்கள்.

ஆடி பிறந்து இரண்டாம் மூன்றாம் நாள். மழை பிடிக்கிற மாதிரி இருந்தது. தோதோ கடையை விட்டு மேட்டுக்கே ஏறி வந்து, வாசலில் நின்று சொன்னான்.

"முரீத், இந்தத் தடவை தள்ளினவரும் போயிட்டாரு, விழுந்தவரும் போயிட்டாரு. ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பியாச்சு. மறுபடி எலெக்ஷனாம்."

முரீத் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தலையை ஆட்டினான். "யாரு அனுப்பினா?" என்றுகூடக் கேட்கவில்லை. தோதோ போன பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். வெற்று மார்போடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழுதிருந்தால் நஸீபான் திட்டியிருப்பாள். அழவில்லை. அதனால் திட்ட வாய் வரவில்லை.

"நான் போய்க் கேக்குறேன்" என்றான் மெல்ல.

"வாயை மூடு" என்றாள் அவள். "மகள் ஒரு உயிரு, வயித்துல ஒரு உயிரு. கேட்டுட்டு எதைக் குடுப்பே?"

"பின்னே என்ன செய்ய?"

"நீ செஞ்சது போதும். நான் போறேன்."

"போய்?"

"கேக்காம வாரேன்."

நாலு மைலும் கரைமேட்டிலேயே நடந்தாள். ஒரு பக்கம் பரந்த கலங்கல் தண்ணீர், ஒரு பக்கம் நெல் நாற்று. தூறல் விழுந்து விழுந்து நின்றது. விறகுத் துறையில் படகு கட்டிக் கிடந்தது. கரையிலேயே குந்தி உட்கார்ந்தாள். கால் வைக்கக் கூடாதே.

ஹாஜுல் மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். பச்சல் முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை.

"வாங்க அண்ணி" என்றாள் ஹாஜுல். "தூறல்ல எங்கே இவ்வளவு தூரம்?"

"சும்மா. காலாற நடந்தேன்."

"நாலு மைலா?"

"தூக்கம் வரலை. நடந்துட்டேன்."

"அண்ணன் சுகமா?"

"இருக்காரு. சுவரைப் பார்த்துக்கிட்டு."

பச்சலின் ஊசி ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது.

"ஜேபுலுக்கு எப்ப?" என்றாள் ஹாஜுல்.

"இந்த வாரமோ அடுத்த வாரமோ. சரியாத் தெரியலை. சேதி வந்து நாளாச்சு."

"அக்கரையில மருத்துவச்சி யாரு?"

"யாரும் இல்லே. மாமியார்காரிக்கு மாட்டுப் பிரசவம்தான் தெரியும்."

ஹாஜுல் உரசிய மீனைத் தண்ணீரில் அலசினாள். புருஷனின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு பேசத் தயாராக இல்லை. நாலு பேர் முன்னால் கொடுத்ததை வேண்டாம் என்றவனுக்கு மறுபடி கொடு என்று அவளும் அவனிடம் சொல்ல முடியாது. சொன்னாலும் அவன் நாக்கு எழாது. கேட்க வழியில்லாமல் ஒருத்தி, கொடுக்க வழியில்லாமல் ஒருத்தன். தூறல் மட்டும் இரண்டு பேர் மேலேயும் பொதுவாகப் பெய்தது.

"என்னங்க" என்றாள் ஹாஜுல் புருஷனிடம்.

"ம்."

"ஜேபுலுக்குத் தொப்புள் கொடி அறுத்தவ நான்தானே?"

"அதுக்கு?"

"அவ பிள்ளைக்கும் நானே அறுக்கணும்னு ஒரு ஆசை. மருத்துவச்சி போற இடத்துக்கு யாரும் கூப்பிடணும்னு இல்லே. நாளைக்கு என்னை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்க."

பச்சல் திரும்பினான். முதல்முறையாக நஸீபானைப் பார்த்தான். பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஆத்தைப் பார்த்தியா எப்படி ஓடுதுன்னு?"

"அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன். இல்லேன்னா நானே போயிடுவேன்."

"அந்தத் தண்ணி எனக்குப் பழக்கமில்லே. மேல் துறை நீரோட்டம் வேற."

"பழகிக்குங்க" என்றாள் ஹாஜுல். பிறகு நஸீபான் பக்கம் திரும்பி, "அண்ணி, படகு வாங்கினது அவரு. அடுப்பு என்னுது. என் அடுப்புப் பக்கத்துல யாரை உட்கார வைக்கிறதுங்கிறது என் இஷ்டம். விடியக்காலம் உங்க மேட்டுக்கு வாரோம். உங்க காவல்காரரையும் கூட்டிட்டு வாங்க, ஒரு ஆம்பளை கூட இருந்தா நல்லது. பாலம் எங்கேயும் ஓடிடாது" என்றாள்.

நஸீபானுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே ஹாஜுல்?"

"கேக்கலை. நான் சாட்சி."

விடியலில் மழை விட்டிருந்தது. வானமும் தண்ணீரும் ஒரே நிறமாக, எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் கிடந்தன. முரீத் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னான். தன் படகில் பயணியாக உட்கார எந்த ஓடக்காரனுக்கு மனசு வரும்? நஸீபான் மகளுக்கான துணி மூட்டையை அவன் தலையில் தூக்கி வைத்தாள். அவன் வந்தான்.

படகில் கால் வைத்த உடனே நஸீபானின் உடம்புக்குப் பழைய ஆட்டம் திரும்பியது. மூன்று மாதத்துத் தலைச்சுற்றல் ஒரு நொடியில் போய்விட்டது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்ததும் கண் சொக்கியது. முரீத் நடுப்பலகையில், இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, குனிந்த தலையோடு உட்கார்ந்தான். பச்சல் சுக்கானைப் பிடித்தான். பாய் விரிந்தது. கரைமேடும் டீக்கடையும் செங்கல் அறையும் சின்னதாகிப் பின்னால் போயின. வேரோடு வந்த மரங்கள் மிதந்து போயின. ஒரு மரத்தில் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

பாதி ஆற்றில் நஸீபானுக்கு விழிப்பு வந்தது. படகின் நடை மாறியிருந்தது. மூக்கு மேற்கே திரும்பிக்கொண்டே இருந்தது. பச்சல் சுக்கானை மார்போடு அணைத்துத் தள்ளினான். தண்ணீர் ஒரு பெரிய வட்டமாக, சத்தமில்லாமல் சுற்றியது. அடியில் புது மணல்திட்டு விழுந்திருக்க வேண்டும். படகு அந்த வட்டத்தின் ஓரத்தில் வழுக்கி ஒரு முறை முழுசாகச் சுற்றியது. பாய் படபடவென்று அடித்தது. மீன் கூடை சரிந்தது. ஹாஜுல் வாய்க்குள் பீரின் பேரைச் சொல்லத் தொடங்கினாள்.

நஸீபான் புருஷனைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியும். இந்தத் தண்ணீரின் ஒவ்வொரு மடிப்பும் அவனுக்குத் தெரியும். அவன் தோள் பச்சல் தள்ளுகிற பக்கத்துக்கு எதிராக இழுத்தது. ஆனால் கைகளைத் தொடைகளுக்கு நடுவிலிருந்து எடுக்கவில்லை. இறுக்கி இறுக்கி விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தொட்டால் ஒரு உயிர். அவனுக்கு எந்த உயிர் என்று பயமோ அதே பயம்தான் அவளுக்கும். ஒன்று மட்டும் அவளுக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. இவன் முழுகினாலும் முழுகுவான், மகளைப் பணயம் வைக்க மாட்டான். மூன்று மாதமாக மனசில் வைத்திருந்த கோபம் அங்கேயே கரைந்தது.

படகு இரண்டாவது சுற்று தொடங்கியது.

"அண்ணே" என்றான் பச்சல். மூச்சு வாங்கியது. "சுக்கானைப் பிடி."

முரீத் நிமிர்ந்தான். "நான் கேக்கலை பச்சல்."

"கேக்கலை. நான்தான் கேக்குறேன். பிடிச்சுத் தொலை."

முரீத் எழுந்து போன வேகத்தை நஸீபான் பார்க்கவே இல்லை. பலகையில் இருந்தான், அடுத்த கணம் பின்னால் இருந்தான். சுக்கானைத் தள்ளவில்லை. வட்டத்தோடு போக விட்டான். "பாயை இறக்கு" என்றான். பச்சல் இறக்கினான். படகு சுற்றின வேகத்திலேயே வெளி விளிம்புக்கு வந்தபோது, உடம்பு முழுக்கச் சாய்ந்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தான். மூக்கு கிழக்கே திரும்பியது. வட்டம் பின்னால் போய்த் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "இப்ப ஏத்து" என்றான். அதற்குப் பிறகு பச்சல் சுக்கான் பக்கம் போகவில்லை. முகப்புக்குப் போய்க் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அக்கரை மேட்டில் ஆள் நின்றது தூரத்திலேயே தெரிந்தது. பெரிய வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு ஜேபுல் நின்றாள். மெலிந்து கண் உள்ளே போயிருந்தது. பக்கத்தில் மாமியார், இடுப்பில் கை. படகு மணலில் மோதும் வரை மாமியார் காத்திருக்கவில்லை.

"வந்துட்டாங்களா? மொஹாணாக்காரன் வாக்கு தண்ணியிலதான் எழுதியிருக்கும்னு நான் இவ கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தேன். படகை வித்துட்டு நாற்காலிக்குக் காத்துக்கிடக்கிறதா ஒரு பேச்சு வந்துச்சே, நிசமா?"

ஜேபுல் அப்பனைப் பார்த்தாள். சுக்கானைப் பிடித்த அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகப்பில் உட்கார்ந்திருந்த பச்சலைப் பார்த்தாள்.

"சித்தப்பா நீங்க எங்கே இங்கே?"

நஸீபான் ராத்திரி முழுக்க யோசித்து வைத்த பொய் எல்லாம் மறந்துபோயிற்று. ஹாஜுல் புருஷனைப் பார்க்காமல் மீன் கூடையைச் சரிசெய்தாள். பச்சல் கயிற்றை எடுத்துக்கொண்டு மணலில் குதித்தான். முளையில் அதைச் சுற்றிக் கட்டியபடியே, மாமியாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"விறகு வேலை இல்லேம்மா இப்ப. அண்ணன் தன் படகை எடுத்தாரு, உன்னைப் பார்க்கலாமேன்னு நானும் ஏறிக்கிட்டேன்."

ஜேபுல் சிரித்தாள். முரீத் சுக்கானின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். நஸீபான் பச்சலின் முகத்தைப் பார்க்க முடியாமல், மகள் பக்கம் கையை நீட்டினாள்.

"பலகை ஈரமா இருக்கு, பார்த்துக் கால் வை" என்றாள்.